‘நீங்கள்’ என்று கேட்டவர்கள்

கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறிவரும் பெருந்தெருவில், ஏற்றம் முடியுந் தறுவாயில், பாறையைக் குடைந்த வாயில் ஒன்று உண்டு. வாகனங்கள் இன்று அதனை விலக்கிப் பக்கத்தே வகுத்த அகன்ற வழியிற் செல்கின்றன. வாயில் மட்டும் தனியே நிற்கின்றது. பாறையைத் துளைத்து வருபவனே கண்டியை வெல்வான் என்று முன்னாளில் ஒரு நம்பிக்கை இருந்ததாகவும், அதனை அறிந்த ஆங்கிலேயர் சுற்றிப் போகத்தக்க பாறையை வேண்டுமென்றே துளைத்ததாகவும் எங்கள் கடுகண்ணாவையிற் சொல்வார்கள். கண்டி வீழ்ந்தது 1815இல். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் இத்தெருவை அமைக்கத் தொடங்கியது 1820இல். “வென்று முடிந்த நாட்டை மறுபடி வெல்லத் துளை எதற்கு ஐயா?” என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். எனக்கு விடை தோன்றவில்லை. அதே மாணவி பின்னொரு நாள் கேட்ட இன்னொரு கேள்விக்கும் எனக்கு விடை தோன்றவில்லை. அதனை உரிய இடத்திற் சொல்வேன்.

இலக்கிய வட்டத்து அன்பர் ஒருவர், தம்மையும் தம் சமூகத்தையும் மாற்ற முயல்வோர் சிலரைக் கண்டு உரையாடி, அவ்வுரையாடலை எழுதித் தருமாறு என்னைப் பணித்தார். இசைந்துவிட்டேன். இசைந்த பின்னரே அதன் இடர் புலப்பட்டது. பண்டிதர்களாகிய எமக்கு உரையாடல் என்பது நாம் பேசுவதும் மற்றவர் கேட்பதுமாகும். முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையின் முன் நின்ற ஒருவனுக்குப் பிறர் திண்ணையில் வாய்மூடி அமர்வது எளிய காரியமன்று.

ஆயினும், கேட்பது எத்தகையது என்பதைச் சிறுவயதிலேயே ஒருமுறை கண்டிருக்கின்றேன்.

எங்கள் வீடு புகையிரத நிலையத்துக்கு அண்மையில் இருந்தது. 1867இற் கண்டியை எட்டிய இருப்புப்பாதை இது. மலைநாட்டிலிருந்து இறங்கும் எந்த வண்டியும் இவ்வழியாகவே செல்ல வேண்டும். 1970களில் என் பால்யத்தில், இவ்வழியே இறங்கிய வண்டிகள் சிலவற்றுக்கு மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டிருந்தனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964இல் இரு நாட்டுப் பிரதமரும் ஓர் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது எனப் பகிர்ந்துகொண்டனர். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இற் பாதி பாதியாக்கினர். இங்ஙனம் எண்ணப்பட்டவர்கள் பெட்டி படுக்கையோடு தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் போவதற்காக ஏறிய வண்டியே ஒப்பாரிக் கோச்சி. தமக்கை ஒரு பங்கிலும் தம்பி மறு பங்கிலும் விழுந்திருந்தால், வண்டி புறப்படும் நிலையத்திலே எழும் ஓலம் எங்கள் ஊர் வரையும் தொடர்ந்து வரும்.

வண்டி இங்கு நிற்கும் சில நிமிடங்களில் என் தாயார் குடத்தில் நீர் கொண்டுபோய்ச் சாளரந்தோறும் கொடுப்பார். கொடுக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார்: “நீங்க எந்தத் தோட்டம்?” அக்கேள்விக்கு அழுகையை நிறுத்தி விடை சொல்லாதவர் எவரையும் நான் கண்டிலேன். தோட்டத்தின் பெயரைச் சொல்வர். பிரிவின் பெயரைச் சொல்வர். சிலர் லயத்தின் இலக்கத்தையும் சொல்வர். வண்டி நகர்ந்துவிடும். என் தாயார் எழுத்தறியாதவர். அத்தனை தோட்டங்களின் பெயர்களையும் ஏன் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை அவரிடம் நான் வினவியதில்லை.

தோட்டத்திற் பேசுவது என்பதே ஒருகாலத்திற் குற்றமாயிருந்தது என்பதை இக்கால மாணாக்கர் நம்பமாட்டார்கள். தோட்டம் துரையின் தனியுடைமை; அவர் அனுமதியின்றி வெளியார் எவர் நுழைந்தாலும் அத்துமீறல். லயத்தில் வாழ்பவனுடைய மைத்துனனே வந்தாலுங்கூடக் கங்காணிக்கு அறிவித்தாக வேண்டும். துரை கண்டாக்கையாவிடம் பேசுவார், கண்டாக்கையா கணக்கப்பிள்ளையிடம் பேசுவார், கணக்கப்பிள்ளை கங்காணியிடம், கங்காணி தொழிலாளியிடம். சொற்கள் மேலிருந்து கீழே இறங்குமே தவிரக் கீழிருந்து மேலே ஏறியதில்லை. பெரட்டுக்களத்திலே விடியுமுன் நிற்போருக்கு விடுக்கும் ஏவல் யாவும் ‘நீ’ என்றோ அதனினுங் கீழான சொல்லாலோ தொடங்கும்.

இவ்வேலியைத் தாண்டிய முதல்வர்களுள் ஒருவர் கோ. நடேசையர் (1887–1947). தஞ்சையிலிருந்து வந்தவர்; பத்திரிகையாளர். தோட்டத்தினுள் நுழைய வேறு வழியின்மையாற் புடைவை வியாபாரியாக வேடங்கொண்டு, மூட்டையைத் தோளிற் சுமந்து லயங்களுக்குச் சென்றார் என்பர். துணி வாங்கும் சாக்கிலே பெண்கள் அமர்வர். விலை கேட்கும் சாக்கிலே தங்கள் கடனைச் சொல்வர். 1924இல் அவர் தொடங்கிய ‘தேசபக்த’னில் வந்த செய்திகளுக்கும், 1931இல் அட்டனில் அவர் நிறுவிய தொழிலாளர் சம்மேளனத்துக்கும் அத்துணி மூட்டையே முதல் என்று கொள்வது மிகையாகாது. சங்கம் கண்டவர்களை வரலாறு எழுதுகின்றது. சங்கம் காணுமுன் ஒருவர் எத்தனை நாட் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை எவரும் எழுதுவதில்லை.

அவர் மனைவியார் மீனாட்சி அம்மை இன்னும் ஒருபடி மேலே சென்றார் என்பது என் கருத்து. கூட்டங்களில் நடேசையர் பேசுமுன் இவர் பாடுவார். தொழிலாளர் வாயிலே ஏற்கெனவே பயின்ற மெட்டுகளை எடுத்து, அவற்றில் அவர்தம் நிலையை அமைத்துப் பாடினார். 1940இல் அப்பாடல்கள் நூலாகவும் வந்தன. யாப்பு வழுக்களை அவற்றிற் காட்ட என்னால் இயலும். இளமையிற் காட்டியும் இருக்கின்றேன். மேடையில் நின்ற பெண்ணொருத்தியின் வாயிலிருந்து தம் சொந்த மெட்டைக் கேட்ட கூட்டம் என்ன நினைத்திருக்கும் என்று அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

வேலியைத் துரையின் பக்கத்திலிருந்து தாண்டியவரும் ஒருவர் உண்டு. மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்னும் இளைஞர், கண்டிக்கு அப்பால் மடுல்கலையிலே ரெலுகாஸ் தோட்டத்துக்குச் ‘சின்னத்துரை’யாகப் பயில வந்தார். தொழிலாளர்பால் பரிவு காட்டியமையால் வேலையை இழந்தார். 1937 ஏப்பிரல் 3ஆம் நாள் நாவலப்பிட்டியில் நிகழ்ந்த கூட்டத்தில், இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்தியாயாவும் இருந்த மேடையில், வெள்ளையர் ஒருவர் வெள்ளைத் துரைமாரின் கொடுமையைப் பேசினார். ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை 48 மணி நேரத்துள் நாட்டை விட்டகலுமாறு கட்டளையிட்டார், நாடு கொதித்தது, உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. இவ்வளவும் பாடநூலில் உண்டு. ஆங்கிலேய அரசை அங்ஙனம் அச்சுறுத்தியது அவர் கூறிய பொருளா, அன்றி அவர் யாரை நோக்கிக் கூறினார் என்பதா? பிந்தியதே என்று எண்ணுகின்றேன். துரை ஒருவன் தொழிலாளியோடு சமமாய் நின்று பேசத் தொடங்கினால், இடையிலுள்ள ஏணிப்படிகள் யாவும் ஆடிப்போகும் அல்லவா?

மூன்றாண்டு கழியுமுன், 1940 சனவரி 10இல், ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்திலே கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தோர்மீது பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி இறந்தார். அப்பெயரை மலையக மக்கள் இன்றும் மறந்திலர்.

பூண்டுலோயாவை அடுத்த மடக்கும்புரையிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். ஆங்கிலத்தில் அழகுறக் கவிதை எழுதியவர். ஆயினும் அவர் செய்த பணிகளுள் நான் பெரிதாக மதிப்பது, லயங்களிலே வழங்கிய பாடல்களைத் தேடிக் கேட்டு எழுதித் தொகுத்த பணியையே. ஆணையிடுவதற்கன்றி வேறெதற்கும் எவரும் வாய் திறக்காத இடத்தில், “உங்கள் பாட்டைச் சொல்லுங்கள்” என்று கேட்டவர் அவர்.

கண்டி நகரிற் ‘சத்தியோதயம்’ என்னும் நிலையத்தை 1972இல் நிறுவியவர் அருட்டந்தை போல் கஸ்பர்ஸ். சேசு சபைத் துறவி, 2017இல் மறைந்தார். சமூக ஆய்வு என்பதோடு ‘சந்திப்பு’ என்னும் சொல்லையும் அந்நிலையத்தின் பெயரிலேயே வைத்தார். சிங்களரும் தமிழரும், பௌத்தரும் இந்துவும் கிறித்தவரும் ஒரு கூரையின்கீழ்ச் சந்தித்து முகம்பார்த்துப் பேசுவதே ஒரு வேலை என்று அவர் கருதினார். அக்காலத்தில் இதனைக் கேட்ட அறிவாளர் சிலர், பேசுவதால் என்ன விளையும் என்றனர். ஐந்தாண்டில் 1977 வந்தது. பின்னர் 1983 வந்தது. பேச்சால் எதுவும் விளையவில்லை என்று சொல்வதற்கு அவை போதுமான சான்று என்றே நானும் நெடுநாள் நினைத்திருந்தேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேராதனையில் பஸ் ஏறிக் கலகாவுக்குச் சென்றேன். அங்கிருந்து மேலே ஒரு தோட்டம், பெயர் வேண்டா. அதற்கப்பால் உள்ள மலைதான் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வாணிகத் தேயிலையை முதன்முதல் நட்ட லூல்கந்துரை. தேயிலை பிறந்த அம்மலைச் சாரலிலே, லயத்து வாசலில் ஒவ்வொரு ஞாயிறும் பிற்பகலிற் பெண்கள் கூடுகின்றார்கள் என்று என் பழைய மாணாக்கர் ஒருவர் சொல்லியிருந்தார். கூட்டத்துக்குத் தலைவரில்லை, பதாகையில்லை, சங்கப் பதிவுமில்லை. நாற்பத்தோராண்டு கொழுந்தெடுத்து ஓய்ந்த ஓர் அம்மையார் வாசலிற் பாய் விரிப்பார். அவ்வளவே.

நான் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு பேர் இருந்தனர்.

“வாங்க ஐயா, ஒக்காருங்க. நாக்காலி இல்ல,” என்றார் அம்மையார்.

பாயில் அமர்ந்தேன். கையில் ஒரு குறிப்பேடும் ஒரு நூலும் கொண்டுசென்றிருந்தேன். மங்கையர் முன்னேற்றம் பற்றி இருபது நிமிடம் பேசுவதற்குக் குறிப்பும் எடுத்திருந்தேன் என்பதை மறைப்பதிற் பயனில்லை. அதற்கு இடமே வரவில்லை. அவர்கள் கையிலிருந்த காகிதங்களை நடுவிற் பரப்பினர். ஊழியர் சேமலாப நிதியிலிருந்து வந்த கடிதங்கள், அடையாள அட்டையின் பிரதிகள், பிறப்புச் சான்றிதழ்கள். ஓய்வுபெற்று ஆறாண்டாகியும் ஒருவருக்குச் சேமலாபப் பணம் கிடைக்கவில்லை. காரணம்: செக்ரோலில் அவர் பெயர் ஒருவிதம், அடையாள அட்டையில் ஒருவிதம், பிறப்புச் சான்றிதழில் வேறொருவிதம். தாயார் இட்ட பெயரைக் கணக்கப்பிள்ளை பாதியாக்கினார். எழுதுவினைஞர் அப்பாதியைச் சிங்களத்தில் எழுதினார். வேறொருவர் அதனை ஆங்கிலத்தில் எழுதினார். நான்காமவர் மீண்டும் தமிழுக்குக் கொண்டுவந்தபோது அது எவருடைய பெயருமாயில்லை.

“பேரு சரியில்லன்னு சொல்றாங்க ஐயா. நாப்பது வருசமா பேர் போட்டவ நானு,” என்றார் அவர்.

இவ்விடத்தில் வாசகர்க்கு ஒரு சொல்லை விளக்க வேண்டும். தோட்டத்திலே ஒருநாள் வேலையைப் ‘பேர்’ என்பர். முழுநாட் கூலி ‘முழுப்பேர்’. நிறுக்கும்போது கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’. செக்ரோலிற் பெயரைப் பதிந்தால்தான் அந்நாட் கூலி உண்டு என்பதிலிருந்து பிறந்த வழக்கு. ஆகுபெயருக்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டு எந்த இலக்கண உரையிலும் இல்லை. ஆனால் நான் படித்த காலத்திலோ படிப்பித்த காலத்திலோ எவரும் இதனைக் காட்டியதில்லை. ஒருத்தி வாழ்நாள் முழுவதும் அரைப்பேர், முழுப்பேர் என்று பெயரை உழைத்தே பெற்று, முடிவில் “உன் பெயர் சரியில்லை” என்னும் கடிதத்தைப் பெறுகின்றாள்.

கடிதங்கள் சிங்களத்தில் இருந்தன. தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் அரசியலமைப்பிற் சேர்த்தாயிற்று. கடிதம் எழுதுவோர்க்கு அச்செய்தி இன்னும் எட்டவில்லை போலும். அவற்றை வாசிக்க ஒருவர் வந்தார். கீழேயுள்ள சிங்களக் கிராமத்தைச் சேர்ந்தவர், ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியர், எழுபத்தைந்து வயதிருக்கும். குடையைச் சுவரிற் சாத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயின் ஓரத்தில் அமர்ந்தார். எல்லோரும் அவரை ‘மாஸ்டர்’ என்றே அழைத்தனர்.

அவர் தமிழ் கேட்பதற்கு விந்தையாயிருந்தது. அறுபது வயதுக்குப்பின் ஒரு பாலர் நூலை வைத்துக் கற்றுக்கொண்டாராம். முன்னிலையில் அவருக்குத் தெரிந்தது ‘நீங்கள்’ ஒன்றே. அம்மையாரை “நீங்கள் இதில் கையொப்பம் வையுங்கள்” என்றார். அவர் மடியிலிருந்த மூன்று வயதுப் பேரனை “நீங்கள் அழவேண்டாம்” என்றார். வாசலிற் காய்ந்த துணியைத் தின்ன வந்த ஆட்டையும் “நீங்கள் போங்கள்” என்று விரட்டினார். பெண்கள் புடைவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தனர். அவரும் சிரித்தார்.

“எங்கட மொழியில இன்னும் நிறையப் படி இருக்கு,” என்று என் பக்கந் திரும்பிச் சொன்னார். “தோ, உம்ப, ஓயா, ஒப. இந்த லயத்து ஆக்களுக்கு நாங்கள் மேல் ரெண்டையும் எடுத்ததில்ல. தமிழ் படிக்கேக்க யோசிச்சேன், கீழ்ப்படி எனக்குத் தெரியவே வேண்டாம்.”

ஒருவனைப் பன்மையாற் சுட்டுவது உயர்வு கருதிய உலக வழக்கேயன்றி இலக்கண நெறியாகாது என்பது தொல்காப்பியர் துணிபு. சொல்லதிகாரத்திற் கிளவியாக்கத்தில் உள்ளது. அதனை எத்தனையோ முறை கற்பித்திருக்கின்றேன். யாருக்கு அவ்வுயர்வு, யாருக்கு அது இல்லை என்பதை அவ்வழக்கு எங்ஙனம் முடிவு செய்கின்றது என்று எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

தேநீர் வந்தது. மழையும் வந்தது. திண்ணையின் உட்புறம் நகர்ந்து அமர்ந்தோம். மாஸ்டரோடு இவ்வளவு பழக்கம் எப்படி ஏற்பட்டது என்று நான் கேட்டேன். ஒரு கணம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் அம்மையார், “நீங்களே சொல்லுங்க மாஸ்டர்,” என்றார்.

அவர் சொன்னதைச் சுருக்கி எழுதுகின்றேன். 1977 ஆகத்து. அவருக்கு இருபத்தேழு வயது. ஆசிரிய நியமனம் கிடைத்துச் சில ஆண்டுகள். ஒரு மாலை கிராமத்துச் சந்தியில் ஆட்கள் கூடினர். சிலர் வெளியூரார், சிலர் ஊரார், இருவர் அவரிடம் படித்தவர். என்ன செய்யப் போகின்றார்கள் என்பதை அவர் அறிந்தார். “நான் போய் நிண்டிருந்தா அந்த ரெண்டு பொடியனும் திரும்பியிருப்பாங்கள். எனக்கு அது தெரியும்.” அவர் வீட்டுக்குட் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிரவு மேல் லயம் எரிந்தது. ஆட்கள் பெரும்பாலும் தேயிலைக்குள் ஓடித் தப்பினர். அம்மையாருக்கு அப்போது இருபது வயது; நிறைமாதம். மலையில் மழையில் கிடந்த அக்குழந்தை பிழைக்கவில்லை.

“கதவைச் சாத்தினதுக்கு எந்தச் சட்டத்திலயும் தண்டனை இல்ல,” என்றார் மாஸ்டர். “முப்பத்தஞ்சு வருசம் இந்தப் பாதையில ஏறயில்ல. கீழ்ப் பாதையால சுத்திப் போனேன்.”

அவர் கிராமத்தார்க்கும் ஒரு குறை உண்டு என்பதை நான் அறிவேன். 1840ஆம் ஆண்டின் முடிக்காணிச் சட்டம், உறுதிப் பத்திரம் காட்ட இயலாத காடும் சேனையும் முடிக்கே உரியன என்று சொல்லிற்று. அந்நிலமே கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் போயிற்று. தம் மலையைப் பறித்தவன் பங்களாவிலே இருக்க, அதில் வேலைக்குக் கொணரப்பட்டவன்மீது கோபம் இறங்கிற்று. இதனை நான் எடுத்துச் சொல்ல முற்பட்டேன். பண்டிதப் புத்தி, வாய் சும்மா இராது. அம்மையார் கையால் அமர்த்தினார்.

“அது சரிங்க ஐயா. ஆனா மாஸ்டர் அதச் சொல்லல. அவரு கதவப் பத்தி மட்டுந்தான் சொன்னாரு. அதனாலதான் நானும் கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், கையில் ஒரு பாலர் தமிழ் நூலோடு மாஸ்டர் இந்த வாசலுக்கு வந்தாராம். மூன்று ஞாயிறு வந்து நின்றுவிட்டுப் போனார். நான்காம் ஞாயிறு தாம் கதவைச் சாத்தியதைச் சொன்னார். மன்னிப்பு என்ற சொல் அவருடைய பாலர் நூலில் இல்லை. ஆகவே அதனைக் கேட்கவுமில்லை. மன்னித்துவிட்டீர்களா என்று அம்மையாரிடம் நான் கேட்டேன். இன்று நினைத்தால் அக்கேள்வி மிகையென்று தோன்றுகின்றது.

“அந்தப் புள்ள இருந்தா இப்ப நாப்பத்தேழு வயசு நடக்கும்,” என்றார். “மன்னிக்கிறது அது செய்ய வேண்டிய வேலை. நான் செய்ய முடியாது. அவருக்கு வாசிக்கத் தெரியும். எங்களுக்கு வாசிக்க ஆளு வேணும். ஒக்காருங்கன்னு சொன்னேன்.”

மழை விடவில்லை. அவர் பேசி முடித்தபின் என் நூலும் குறிப்பேடும் எனக்கு நாணத்தைத் தந்தன. எல்லோரும் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்ட அவ்விடத்தில் நான் மட்டும் சொல்லாதிருப்பது கள்ளமாகப் பட்டது. ஆகவே அம்மாணவியைப் பற்றிச் சொன்னேன்.

இற்றைக்கு இருபது ஆண்டுகளுக்கு முந்திய நிகழ்ச்சி அது. நான் அப்போது வேறொரு பாடசாலையில் இருந்தேன். பெற்றோர் சந்திப்பு நாள். தோட்டத்து எழுதுவினைஞர் ஒருவர் தம் மகன் பொருட்டு வந்திருந்தார். அவரிடம், “இருங்கள், உங்கள் பிள்ளை நன்றாய்ப் படிக்கிறான்,” என்றேன். அடுத்து அம்மாணவியின் தந்தையார் வந்தார். மலையிலிருந்து நடந்தே வந்திருந்தார், காலிற் சேறு. “நீ எந்தப் பிரிவு? உன் பெண்ணுக்குக் கணக்கு வராது,” என்றேன். அவர் கைகட்டி நின்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் வகுப்பில், வேற்றுமையுருபு நடத்திக்கொண்டிருந்தபோது அவள் எழுந்தாள். “ஐயா, அந்த ஐயாவுக்கு நீங்கள், எங்கப்பாவுக்கு மட்டும் ஏன் நீ?” அவள் குரலிற் கோபமில்லை. உண்மையாகவே இலக்கணம் கேட்பவள் போலக் கேட்டாள். நான் ஒருமை பன்மை மயக்கத்தைப் பற்றி ஏதோ சொல்லிச் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதினேன். சாதாரணதரம் எழுதுமுன் அவள் நின்றுவிட்டாள். கொழும்பிலே ஒரு வீட்டில் வேலைக்குப் போனதாகச் சொன்னார்கள். என் சொல்லால் நின்றாளா, வறுமையால் நின்றாளா என்பதை நான் அறியேன். அறிய முயன்றதுமில்லை. அதுவும் ஒரு கதவுதான்.

சொல்லி முடித்தேன். ஆறுதல் வரும் என்று எதிர்பார்த்தேன் என நினைக்கின்றேன். பெண்களுள் இளையவர் ஒருவர், தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்பவர், கேட்டார்:

“அவங்க பேரு என்ன ஐயா?”

எனக்குப் பெயர் நினைவிலில்லை. முகம் நினைவிருக்கின்றது, அமர்ந்த இடம் நினைவிருக்கின்றது, கேட்ட இரண்டு கேள்விகளும் நினைவிருக்கின்றன. பெயர் இல்லை. இல்லையென்று சொன்னேன். எவரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “பழைய இடாப்புல இருக்கும், போய்ப் பாருங்க,” என்றார் அவ்விளையவர்.

அதன்பின் வேலை தொடர்ந்தது. நாடற்றோர் பிரச்சினை 2003இற் சட்டத்தால் தீர்ந்தது. 2021இல் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தது. 2023இல், முதற் கோப்பித் தொழிலாளர் வந்து இருநூறாண்டு ஆனதை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். அந்நடையில் இக்கூட்டத்தார் இருவரும் கலந்துகொண்டனராம். ஒருவர் காற்கொப்புளத்தை இன்னும் பெருமையாகப் பேசுகின்றார். ஆனால் அன்று பாயில் இருந்த வேலை அவற்றினுஞ் சிறியது. ஏழு பேர்ச்சஸ் காணி, தனி வீடு என்று 2015 முதல் பேசப்படும் திட்டத்தில் அத்தோட்டத்துச் சிலருக்கு வீடு கிடைத்திருக்கின்றது. உறுதி யார் பெயரில் என்பதே அவர்களுடைய இப்போதைய வினா. கணவன் பெயரில் மட்டும் எழுதுவர் என்று ஒருவர் சொன்னார். இருவர் பெயரிலும் எழுதக் கேட்கலாம் என்றார் மாஸ்டர். கேட்டால் வீட்டுக்காரர் அடிப்பார் என்று மற்றொருவர் மெல்லச் சொன்னார். அப்பேச்சு அங்கேயே நெடுநேரம் நின்றது. ஒருவரும் முடிவு சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அந்த வீட்டுக்காரரையும் தேநீருக்கு அழைப்பது என்று மட்டும் தீர்மானித்தார்கள். அழைக்கும் பொறுப்பு மாஸ்டருடையது. “நீங்கள் வாருங்கள் எண்டு கேட்டா அவருக்குச் சிரிப்பு வரும். சிரிச்சா வருவார்,” என்றார் அவர்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிற்று. மாஸ்டர் தம் குடையில் எனக்கும் இடந்தந்தார். படியிறங்குமுன் அம்மையார் என்னைக் கூப்பிட்டார்.

“ஐயா, அடுத்த ஞாயிறும் வாங்க. புத்தகம் வேணாம். இங்க நாலு பேருக்கு அவங்க பேர அட்டையில இருக்கிற மாதிரியே மூணு மொழியிலயும் எழுதப் பழக்கணும். மாஸ்டருக்குச் சிங்களம் போதும். தமிழுக்கு ஆளில்ல.”

வருகின்றேன் என்றேன். திங்கட்கிழமை, அந்தப் பழைய பாடசாலையின் அதிபருக்குத் தொலைபேசியிற் பேசி, இருபது ஆண்டுகளுக்கு முந்திய வரவு இடாப்புகளைப் பார்வையிட அனுமதி கேட்டிருக்கின்றேன்.